குடி கொடுத்ததா, எடுத்ததா? – ஜேசன் இஸ்பெல் கணக்கு

2018-ல் வந்த 'எ ஸ்டார் இஸ் பார்ன்' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பிராட்லி கூப்பர் கையில் கிட்டாரும் உடம்பில் போதையுமாகத் திரியும் ராக் பாடகராக வருவார். மறுவாழ்வு மையத்துக்குப் போவார், திரும்பியும் வருவார், ஆனால் கடைசியில் தற்கொலை செய்துகொள்வார். படத்தில் அவர் பாடும் 'மேபி இட்ஸ் டைம்' என்ற பாட்டு வீட்டுக்கு வந்த பிறகும் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. எழுதினது யார்னு தேடினேன். ஜேசன் இஸ்பெல் என்று வந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துக்காரர், ராக் கிட்டாரிஸ்ட், சொந்த லேபிளில் ஆல்பம் போடுபவர்.

அடுத்து படித்ததுதான் என்னை உட்கார வைத்தது. படம் வந்தபோது அவர் குடியை விட்டு ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. திரையில் செத்துப்போகிற குடிகாரனுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர், அதே குடியிலிருந்து பிழைத்து வந்த ஒருத்தர். சினிமாவுக்குச் சாவுதான் வசதி போல. பிழைத்தவன் மறுநாள் காலை எழுந்து பல் தேய்ப்பதையும் பாட்டைத் திருத்துவதையும் யார் இரண்டரை மணி நேரம் பார்ப்பார்கள்?

அப்போதே அவரைப் பற்றிக் குறிப்புகள் சேர்க்க ஆரம்பித்தேன். பேட்டிகள், ஆல்பத் தேதிகள் என்று ஒரு எக்செல் ஷீட் முழுக்க இருக்கிறது. எழுதத்தான் தோன்றவில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு போன்கால். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆற்றங்கரை ஊர்

இஸ்பெல் பிறந்தது 1979-ல், அலபாமாவின் வடக்குப் பக்கம் கிரீன் ஹில் என்ற சின்ன இடத்தில். பக்கத்திலேயே டென்னசி ஆற்றை ஒட்டி ஃப்ளாரன்ஸ், ஷெஃபீல்ட், மஸில் ஷோல்ஸ் ஊர்கள். பார்த்தால் சாதாரண சிற்றூர்கள்தான். ஆனால் அமெரிக்க இசை வரலாற்றில் இந்த வட்டாரத்துக்குப் பெரிய இடம் உண்டு. ரிக் ஹால் நடத்திய ஃபேம் ஸ்டூடியோ இங்கேதான் இருக்கிறது. வில்சன் பிக்கெட், எட்டா ஜேம்ஸ் எல்லாம் இங்கே வந்து பாடியிருக்கிறார்கள். அந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் வாசித்த உள்ளூர் ஆட்களில் நான்கு பேர் 1969-ல் பிரிந்து போய், ஷெஃபீல்டில் 3614, ஜாக்சன் ஹைவே என்ற முகவரியில் சொந்த ஸ்டூடியோ போட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவே அங்கே வந்து ஒலிப்பதிவு செய்தது.

இந்த ஊர்க் கதையிலும் பாட்டிலுக்கு ஒரு பங்கு உண்டு. 1967 ஜனவரியில் அரீதா ஃபிராங்க்ளின் ஃபேமில் பாட வந்தார். முதல் நாளிலேயே ஒரு பெரிய ஹிட் பாட்டு உருவாகிவிட்டது. அன்றைக்கு மது உள்ளே போனதும் வாய்த்தகராறு. ராத்திரி அது அரீதாவின் கணவருக்கும் ரிக் ஹாலுக்கும் நடுவே சண்டையாக முற்றியது. அவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மிச்சப் பாட்டுகளை நியூயார்க்கில் முடிக்க வேண்டியதாயிற்று. அரீதா திரும்பவும் ஃபேமுக்கு வரவே இல்லை. நல்ல பாட்டு பிறந்தது பகலில், கெட்டது ராத்திரியில். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இஸ்பெல்லுக்குக் கையைப் பழக்கியது அவர் தாத்தா. பெந்தெகொஸ்தே சபைப் போதகர். பேரனை உட்காரவைத்து சபைப் பாட்டுகளுக்கு ரிதம் வாசிக்கச் சொல்வார். ஒழுங்காக வாசித்தால் கடைசியில் பரிசாக அவர் ப்ளூஸ் வாசித்துக் காட்டுவார். கொஞ்சம் வளர்ந்ததும், ஊரில் இருந்த பழைய ஸ்டூடியோ கலைஞர்கள் வார இறுதிகளில் வாசிக்கும் உணவகங்களுக்குப் போய் அவர்களோடு சேர்ந்து வாசித்தான் பையன். பிரிந்து போன அந்த நான்கு பேரில் ஒருவரான, பேஸ் கிட்டார் வாசிக்கும் டேவிட் ஹூட் இவனைக் கவனித்துக்கொண்டார். பிறகு மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் இலக்கியப் படிப்பு, அங்கிருந்து திரும்பி வந்து ஃபேமிலேயே பாட்டு எழுதும் ஒப்பந்தம்.

இருபது வயதுக்கு முன்பே பத்து வருஷத்துக்கு மேல் பயிற்சி. இந்தப் பத்து வருஷமும் குடிக்கு முன்னால் வந்தது.

மேடையில் சுற்றி வந்த பாட்டில்

டேவிட் ஹூட்டின் மகன் பேட்டர்சன் ஹூட் நடத்தி வந்த ராக் குழு டிரைவ்-பை டிரக்கர்ஸ். 2001-ல் மூன்றாவது கிட்டாராக இஸ்பெல் அதில் சேர்ந்தார். வயது 22. சேர்ந்த சில நாட்களிலேயே 'டெகரேஷன் டே' என்ற பாட்டை எழுதினார். இரண்டு குடும்பங்களுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாக ஓடும் பகையைப் பற்றியது. அந்தப் பாட்டின் பெயரையே குழு 2003-ல் வந்த ஆல்பத்துக்கு வைத்தது. அதே ஆல்பத்தில் 'அவுட்ஃபிட்' என்று இன்னொன்று. வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு அப்பா மகனுக்குச் சொல்லும் புத்திமதி. கேட்கும்போது நம்ம ஊர் அப்பாக்கள் யாராவது ஞாபகம் வராமல் போகாது.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. மேடையிலேயே ஜாக் டேனியல்ஸ் பாட்டில் கை மாறிச் சுற்றிவரும். ரசிகர்களுக்கு அதுவும் கச்சேரியில் ஒரு அங்கம். வருஷத்தில் பாதி நாள் வேனில் ஊர் ஊராகப் போகிற வாழ்க்கை. மற்றவர்கள் கச்சேரி முடிந்ததும் நிறுத்திக்கொள்ள முடிந்தது, இவரால் முடியவில்லை. கூடவே கொக்கெயினும் சேர்ந்துகொண்டது.

2004 ஆல்பத்தில் 'டாங்கோ/மானுவல்' என்று ஒரு பாட்டு எழுதினார். 'தி பேண்ட்' குழுவின் ரிக் டாங்கோ, ரிச்சர்ட் மானுவல் இருவரின் பெயர். மானுவல் குடியோடு பல வருஷம் போராடி 1986-ல் தற்கொலை செய்துகொண்டவர். டாங்கோ 1999-ல், 56 வயதுக்குள் இறந்தவர். இந்த வாழ்க்கை எங்கே கொண்டுபோய் விடும் என்று 25 வயதிலேயே இஸ்பெல்லுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து என்ன செய்ய? தெரிவதும் நிறுத்துவதும் வேறு வேறு வேலைகள்.

2007-ல் குழுவிலிருந்து வெளியே வந்தார். சுமுகமாகப் பிரிந்தோம் என்றுதான் முதலில் அறிவிப்பு. உண்மையில் தன்னை வெளியே அனுப்பினார்கள் என்று பிற்பாடு அவரே சொன்னார். அதே குழுவில் பேஸ் வாசித்த மனைவியோடும் மணமுறிவு. ஒரே வருஷத்தில் குழுவும் குடும்பமும் போயிற்று. தனியாகப் புதுக் குழு ஆரம்பித்து அதற்கு '400 யூனிட்' என்று பெயர் வைத்தார். ஃப்ளாரன்ஸ் ஊர் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு இருந்த பெயர் அது. தமாஷாக வைத்ததுதான், ஆனால் அவர் இருந்த நிலைமையில் அது பாதி தமாஷ்தான்.

2012 பிப்ரவரி

இதற்கு நடுவில் அமாண்டா ஷயர்ஸ் என்ற வயலின் கலைஞரோடு காதல். குடித்துவிட்டு, "விட்டுடறேன், எனக்கு உதவி வேணும்" என்று அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். விடியும், மறந்துபோகும். இனி ஒரு தடவை சொன்னால் நிஜமாகவே கொண்டுபோய் விட்டுவிடுவேன் என்று ஷயர்ஸ் சொன்னார். அடுத்த முறை இஸ்பெல் சொன்னதும் போனை எடுத்துவிட்டார். மேனேஜர் டிரேசி தாமஸ், இசைக்கலைஞர் ரையன் ஆடம்ஸ் என்று நெருக்கமானவர்களைச் சேர்த்துக்கொண்டார். இஸ்பெல் நாஷ்வில்லில் உள்ள கம்பர்லேண்ட் ஹைட்ஸ் மையத்தில் சேர்க்கப்பட்டார். வயது 33.

இதில் நான் அடிக்கோடு போட்டுவைத்த விஷயம், அவர் "மன உறுதி"யால் விடவில்லை என்பது. மன உறுதி இருந்த ராத்திரிகளில் எல்லாம் அவர் போதையில் இருந்தார். ஷயர்ஸ் செய்தது, ராத்திரி சொன்ன வார்த்தையை மறுநாள் வரைக்கும் பிடித்து வைத்துக்கொண்டதுதான்.

ஒரு சின்ன இடைச்செருகல், முக்கியமானது என்பதால். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று வீட்டிலேயே தனியாக நிறுத்துவது ஆபத்து. மது மூளையின் பிரேக்கை (காபா) அழுத்திக்கொண்டே இருக்கிறது. ஈடுகட்ட மூளை ஆக்ஸிலரேட்டரை (குளூட்டமேட்) அழுத்தப் பழகிவிடுகிறது. மதுவை நிறுத்தினால் பிரேக் போய்விடும், ஆக்ஸிலரேட்டர் மட்டும் நிற்கும். சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாட்களில் சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்ற குழப்ப நிலை வரும், இல்லாதது கண்ணில் தெரியும், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் முதல் வாரம் மருத்துவர் மேற்பார்வை வேண்டும். "ஆம்பளைன்னா இன்னைக்கே விடுடா" என்று சவால் விடும் சொந்தக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சொந்த லேபிள்

வெளியே வந்து, தயாரிப்பாளர் டேவ் காப் உடன் ஒரு ஆல்பம் செய்தார். ஒலிப்பதிவு முடிந்த கையோடு ஷயர்ஸுடன் கல்யாணம். ஆல்பம் 2013 ஜூனில் வந்தது. பெயர் 'சவுத்ஈஸ்டர்ன்'. அதே பெயரில் சொந்த லேபிளும். அதற்குப் பிறகு பெரிய கம்பெனி எதிலும் அவர் சேரவே இல்லை.

இதில் 'லைவ் ஓக்' என்ற பாட்டு எனக்கு முக்கியம். கொலையும் கொள்ளையும் செய்த ஒருத்தன் திருந்தி ஒரு ஊரில் அடங்கி வாழ்கிறான். அவனை நேசிக்கும் பெண், உள்ளே இருக்கும் அந்தப் பழைய ஆளைத்தான் நேசிக்கிறாளோ என்று அவனுக்குச் சந்தேகம். வெளிப்பார்வைக்கு ஏதோ பழங்காலக் கதை மாதிரி இருக்கும். ஆனால் குடியை விட்ட நாட்களில் தனக்கு இருந்த பயத்திலிருந்து வந்தது இது என்று இஸ்பெல் சொல்லியிருக்கிறார். போதையோடு சேர்ந்து தன்னிடம் இருந்த நல்லதும் போய்விட்டால்? ஜனங்களுக்குப் பிடித்ததே அந்தக் குடிகாரனைத்தான் என்றால்?

அதே ஆல்பத்தில் 'சூப்பர் 8' என்று ஒரு நகைச்சுவைப் பாட்டும் உண்டு. மலிவு மோட்டல் ரூமில் குடித்துச் சாகக் கிடந்தவனின் கதை. தன் அவமானத்தை வைத்தே சிரிக்க வைக்கிறார்.

2014 அமெரிக்கானா விருதுகளில் சிறந்த கலைஞர், சிறந்த ஆல்பம், சிறந்த பாட்டு (ஷயர்ஸுக்காக எழுதிய 'கவர் மீ அப்') மூன்றும் அவருக்கே. நாஷ்வில்லில் ரைமன் அரங்கில் இந்தப் பாட்டில் அவர் குடியை விட்டதைச் சொல்லும் வரி வரும்போது கூட்டம் முழுக்கக் கத்திக் கைதட்டும். ஒரு காலத்தில் மேடையில் பாட்டிலைத் தூக்கியதற்குக் கைதட்டல். இப்போது கீழே வைத்ததற்கு.

எக்செல் ஷீட்

இனி என் தொழில் புத்திக்கு வருகிறேன். மென்பொருளில் ஒரு மாற்றம் பலன் தந்ததா என்று பார்க்க, முன்னும் பின்னும் எடுத்து வைத்து ஒப்பிடுவோம். இரண்டு பத்தி போட்டேன்.

விடுவதற்கு முன்: டிரக்கர்ஸ் குழுவோடு மூன்று ஆல்பங்கள் (2003, 2004, 2006), சொந்தமாக மூன்று (2007, 2009, 2011).

விட்டதற்குப் பின்: 2013, 2015, 2017, 2020, 2023, 2025 என்று சொந்தப் பாட்டுகளோடு ஆறு ஆல்பங்கள். 2015 ஆல்பம் அமெரிக்காவில் ராக், ஃபோக், கன்ட்ரி மூன்று பட்டியல்களிலும் முதலிடம். 2024 வரை ஆறு கிராமி.

நேர்மையாகச் சொன்னால் முதல் பத்தி காலியாக இல்லை. 'டெகரேஷன் டே', 'அவுட்ஃபிட்', 'டாங்கோ/மானுவல்' மூன்றும் அதில்தான் இருக்கின்றன. "குடிச்சா கலை வராது" என்று சொல்கிறவர்களுக்கு இந்தப் பத்தி உதவாது. அதே சமயம் இரண்டாவது பத்தி, "குடிச்சாதான் கலை வரும்" என்கிறவர்களை மொத்தமாகக் கவிழ்த்துவிடுகிறது. வயசு, புதுத் தயாரிப்பாளர், சொந்த லேபிள் என்று வேறு காரணங்களும் கூடவே மாறியிருக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன். அதனால் எல்லாப் புகழும் குடியை விட்டதற்கே என்று எழுத மாட்டேன்.

ஆனால் ஒன்று நிச்சயம். முதல் பத்தியில் இருக்கும் நல்ல பாட்டுகளுக்கான முதல் எங்கிருந்து வந்தது? தாத்தாவின் ரிதம் பாடம், டேவிட் ஹூட்டோடு வாசித்த சனிக்கிழமைகள், பெயிண்ட் அடித்த அப்பா. எல்லாம் முன்பே சேமித்தது. குடி அந்தச் சேமிப்பை எடுத்துச் செலவு பண்ணியது, பெயரை மட்டும் தன் பெயராகப் போட்டுக்கொண்டது.

குடி எடுத்தது என்ன என்பதை அவரே பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். அது ரொம்பச் சாதாரண விஷயம்: நேரம். முன்பெல்லாம் ஒரு பாட்டு ஓரளவுக்கு வந்ததும் போதும் என்று பாட்டிலைத் திறக்கத் தோன்றும். விட்ட பிறகு மாலையும் ராத்திரியும் சும்மா கிடந்தன. அதே பாட்டிடம் திரும்பிப் போய் ஒவ்வொரு வரியாகத் திருத்த முடிந்தது. நம்ம பாஷையில் சொன்னால், முதல் டிராஃப்டையே ரிலீஸ் பண்ணிக்கொண்டிருந்தவருக்கு ரிவ்யூ பண்ண நேரம் கிடைத்தது. மஸில் ஷோல்ஸ் ஸ்டூடியோக்காரர்கள் அறுபதுகளில் செய்ததும் இதேதான், திரும்பத் திரும்ப வாசித்துச் சரி பண்ணுவது.

முடிவு சுபம் இல்லை

இதோடு நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் அது முழுக் கதை ஆகாது. 2020-ல் வந்த 'ரீயூனியன்ஸ்' ஆல்பத்தில் ஒரு பாட்டு, குடித்துவிட்டதாகக் கனவு கண்டு விழிக்கும் ஒருத்தனைப் பற்றியது. விட்டு எட்டு வருஷம் கழித்து எழுதியது. அத்தனை வருஷம் ஆகியும் கனவு விடவில்லை. அந்த ஆல்பத்தை கொரோனாக் காலத்தில் சின்ன இசைத்தட்டுக் கடைகள் பிழைக்கட்டும் என்று ஒரு வாரம் முன்னாடியே அவர்களுக்கு மட்டும் கொடுத்தார். சொந்த லேபிள் இருந்ததால்தான் அந்த முடிவை அவரால் எடுக்க முடிந்தது.

2023 கடைசியில், ஷயர்ஸிடமிருந்து மணமுறிவு கேட்டு மனு போட்டார். போனை எடுத்து அவரைக் காப்பாற்றிய அதே ஷயர்ஸ். யார் பக்கம் நியாயம் என்று பேச நமக்கு உரிமை இல்லை. எனக்கு வேண்டியது அதற்கடுத்த வரி: 2025 மார்ச்சில் 'ஃபாக்ஸஸ் இன் தி ஸ்னோ' வந்தது. குழு இல்லை, டிரம்ஸ் இல்லை. பழைய மார்ட்டின் கிட்டார் ஒன்றும் அவர் குரலும் மட்டும். வாழ்க்கை உடைந்த நேரத்தில் கையில் கிட்டாரை எடுத்திருக்கிறார்.

அந்த போன்கால்

என் கல்லூரி விடுதியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் கிட்டார் வாசிப்பான். தொண்ணூறுகளின் கடைசி. எங்கள் கல்லூரி பேண்டுக்கு அவன்தான் எல்லாம். மூன்றாம் வருஷம் கல்ச்சுரல்ஸுக்கு முந்தின ராத்திரி அவனுக்குக் கை நடுங்கியது, பயத்தில்தான். "ஒரு கட்டிங் போடு மச்சி, விரல் தானா ஓடும்" என்று சொன்னது நான். கடைக்குப் போய் குவார்ட்டர் வாங்கி வந்ததும் நான். மறுநாள் பிரமாதமாக வாசித்தான். நாங்கள் எல்லாரும் அந்தக் குவார்ட்டருக்குப் பெருமை கொடுத்தோம். அவன் ஆறாம் வகுப்பிலிருந்து தினமும் இரண்டு மணி நேரம் வாசித்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அப்புறம் இருபது வருஷம் நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. போன மாதம் கூப்பிட்டான். விட்டு எட்டு மாதம் ஆகிறதாம். வீட்டில் கிட்டார் உறைக்குள்ளேயே இருக்கிறதாம். கொஞ்ச நேரம் வேறு ஏதோ பேசிவிட்டு, "குடிக்காம எனக்கு வாசிக்க வருமாடா?" என்று கேட்டான்.

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவனுக்கு அந்தச் சந்தேகத்தைக் கற்றுக்கொடுத்ததே நான்தானே. "வரும்டா" என்று சும்மா சொன்னால் அவன் நம்பமாட்டான், நானும் அவனுக்கு ஆதாரத்தோடுதான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் பழைய ஷீட்டைத் திறந்து இவ்வளவும் எழுதினேன்.

மச்சி, உன் கையில இருக்கிறது குவார்ட்டர் கொடுத்தது இல்ல. அது அதுக்கு முன்னாடியே உன்கிட்ட இருந்தது. மொதல்ல சரியா வராது, விரல் வலிக்கும், கம்பி துருப்பிடிச்சிருக்கும். புது செட் ஒன்னு கூரியர்ல அனுப்பியிருக்கேன். இந்தத் தடவை நான் வாங்கிக் கொடுக்கிறது அதுதான்.